மூன்றாவது வரிசையில் கைமீன்

அக்டோபர் 6

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்தாயிற்று. முதல் நாளே தலைமையாசிரியை பிடித்துக்கொண்டார். நவம்பரில் அறிவியல் கண்காட்சி. விலங்கியல் துறையின் சார்பில் ‘நம் கரையின் உயிர்கள்’. எங்கள் பள்ளியில் விலங்கியல் துறை என்றால் நான் ஒருத்திதான். எனக்கு மேலும் ஆளில்லை, கீழும் ஆளில்லை.

பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நண்டு, சங்கு, இறால் என்று பிரித்துக் கொடுத்துவிட்டு, நட்சத்திர மீனை நானே வைத்துக்கொண்டேன். ஜெனிஷாவுக்கு வாய் சும்மா இருக்காது. “அது ஏன் டீச்சர் உங்களுக்கு?” என்றாள். அது சுலபம், சுலபமானதையெல்லாம் உனக்குக் கொடுத்துக் கெடுக்க மாட்டேன் என்றேன்.

உண்மையில் சாளைத்துறையில் பிறந்த யாரும் நட்சத்திர மீனைத் திரும்பிப் பார்ப்பதில்லை. வலையில் ஏறும், உதறிப் போடுவார்கள், காக்கைகூடச் சீண்டாது. அதை இனம் கண்டு, எங்கே வாழ்கிறது என்று படம் வரைந்து, அட்டையில் எழுதி நிறுத்த வேண்டும். அவ்வளவுதான் வேலை.

தேங்காய் எண்ணெய் தீர்ந்துவிட்டது.

அக்டோபர் 8

பள்ளிக்குப் போகும் முன் கடற்கரைக்குப் போனேன். நல்ல வற்றம். கடல் பின்வாங்கி, ஈர மணல் அகலமாகக் கிடந்தது. நான் தேர்ந்தெடுத்த இடம் கல்லறைத் தோட்டத்துக்கு நேர் கீழே. அங்கேதான் மணல் பொடியாக இருக்கிறது. வேறு காரணம் ஒன்றும் இல்லை.

இனம் காண்பதில் சிரமமே இல்லை. ஐந்து கை. நுனி கூர். கைகளின் இரண்டு ஓரங்களிலும் சீப்புப் பல் மாதிரி முள் வரிசை. மேலே மணல் நிறம், அடியில் வெளுப்பு. குழாய்க் கால்களின் நுனியில் உறிஞ்சி கிடையாது, கூராக இருக்கிறது. அதனால் பாறையில் ஒட்டாது, மணலில் புதையும். அஸ்ட்ரோபெக்டன். சீப்பு நட்சத்திர மீன் என்று எழுதப்போகிறேன். சின்னச் சிப்பிகளை முழுசாக விழுங்கும், சதையைச் செரித்துவிட்டு ஓடுகளை அதே வாய் வழியாகத் துப்பிவிடும். ஆசனவாயே இல்லை. இதைச் சொன்னால் பதினோராம் வகுப்பு ஒரு வாரம் சிரிக்கும்.

வாழிடம்: ஈரம் ஒருபோதும் காயாத மணல். கடல் தொடாத இடத்தில் இது புதைந்து வாழாது, ஒரு வெயில் தாங்காது. ஆகவே உயிருள்ள சீப்பு நட்சத்திரம் மணலுக்குள் இருந்தால் அந்த இடம் கடல். கரை என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தாலும் கடல்தான். இந்த வரியை அட்டையில் அப்படியே போடலாம்.

கண்டுபிடிக்கும் வழி: புதைந்திருக்கும் இடத்தில் மணல்மேல் ஐந்து முனை அச்சு தெரியும். அச்சுக்குக் கீழே விரலை விட்டால் ஆள் இருப்பார். தோண்டிப் பார்க்காமல் எதையும் எழுதாதே என்று பிள்ளைகளிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறேன்.

அக்டோபர் 9

உளுந்து ஊறப்போட மறந்துவிட்டேன். வீட்டுக்காரர் போய்க் கடையில் இட்லி வாங்கி வந்தார்.

அக்டோபர் 12, ஞாயிறு

பூசை முடிந்ததும் பங்குச் சாமி அறிவிப்பு வாசித்தார். பக்கத்து ஊரில் கடலுக்குள் கல் கொட்டித் தூண்டில் வளைவு போட்ட நாளிலிருந்து நம் கரையை அரிக்கிறது, கல்லறைத் தோட்டத்தின் கடல் பக்கச் சுவர் விழுந்துவிட்டது, முதல் வரிசையில் இரண்டு கல்லறைகள் போயே போய்விட்டன. ஊர்க் கமிட்டி தேரிக்காட்டுப் பக்கம் புது இடம் வாங்கியிருக்கிறது. முன் வரிசைகளில் உள்ளவர்களை அவரவர் குடும்பத்தார் சம்மதத்தோடு அங்கே மாற்றப்போகிறார்கள். கல்லறைத் திருநாளுக்கு முன்னால் முடித்துவிட வேண்டும்.

கோயிலில் ஆண்கள் பக்கமிருந்து அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கூரையில் ஓடும் மின்விசிறியைப் பார்த்தேன்.

சாயங்காலம் போய்ப் பார்த்தேன். முதல் வரிசை மோசம்தான், சிலுவைகள் கடலைப் பார்த்துச் சாய்ந்து நிற்கின்றன. இரண்டாவது வரிசையில் சுண்ணாம்பு உப்புப் பூத்து உதிர்ந்திருக்கிறது. மூன்றாவது வரிசை நன்றாகத்தான் இருக்கிறது. மூன்றாவது வரிசைக்கு ஒன்றும் ஆகவில்லை.

அக்டோபர் 14

கண்காட்சிக்காக மறுபடி கரைக்குப் போனேன். ஈர மணலில் நிறைய அச்சுகள்.

இதை ஒருத்தி கைமீன் என்பாள். நட்சத்திரம் வானத்திலல்லவா இருக்கும், இது கை மாதிரியல்லவா இருக்கிறது என்று வாதம். ஈர மணலில் தன் கையைப் பதிப்பாள், பக்கத்தில் மீனின் அச்சு. “அம்மா, இதுக்குச் சோத்தாங்கை எது, பீச்சாங்கை எது?” அவளுக்கு எல்லாவற்றுக்கும் இடது கைதான் முந்தும். சாப்பாட்டில் அந்தக் கை போனால் என் நாத்தனாருக்குப் பொறுக்காது, ஏசுவார். நட்சத்திர மீனுக்கு இடம் வலம் கிடையாது, முன் பின் கிடையாது, ஐந்து கையும் ஒன்றுதான் என்று சொன்னேன். அவள் யோசித்துவிட்டு, “அப்ப இத யாரும் ஏச மாட்டாங்கல்லா?” என்றாள்.

இன்றைக்கு ஏனோ இது நினைவுக்கு வந்தது. வீடு வந்து முருங்கைக்கீரை ஆய்ந்தேன்.

அக்டோபர் 16

விழுந்த சுவருக்கு உள்பக்கம், இரண்டாவது வரிசைக்கு முன்னால் ஓர் அச்சு.

பிள்ளைகள் யாரோ கரையிலிருந்து எடுத்து வந்து போட்டு விளையாடியிருக்கிறார்கள். வேறு எப்படி?

காலால் அழித்துவிட்டு வந்தேன். கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் மிராண்டா அண்ணன் கண்ணில் பட்டால் ஊரெல்லாம் சொல்லிவிடுவார்.

அக்டோபர் 17

இன்று மூன்று. அழித்தேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

மத்தியானம் சாளைக் குழம்பு. அவர் சாப்பிட்டு, கை கழுவிவிட்டு, துண்டில் ரொம்ப நேரம் கை துடைத்துக்கொண்டிருந்தார். படகு எஞ்சின் பழுது பார்க்கிறவர். கையில் கிரீஸ் போகாத நாளில்கூட அப்படித் துடைக்க மாட்டார். பேச்சு வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

“சாமி கேட்டாரு. எல்லாரும் சரின்னுட்டாங்களாம். நாம மட்டுந்தான் பாக்கி.”

“என்ன பாக்கி?”

“தெரியாத மாதிரி கேக்காத, டெல்பின்.”

“கடல் அங்கன வராது. மூணாவது வரிச மேடு.”

“மேடா? நேத்து நான் போய்ப் பாத்தேன். பிள்ள கெடக்குத எடத்துல ஈரம் ஊறுது.”

“அது மழை ஈரம்.”

“மழை எங்க பெஞ்சுது?”

பதில் கிடைக்காதபோது எனக்குக் கோபம் வரும், அது அவருக்கும் தெரியும். தூங்குகிற பிள்ளையை எழுப்ப வேண்டாம் என்று கத்திவிட்டேன். அவர் எழுந்து பின்வாசலுக்குப் போய் ஏதோ ஒரு எஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். இருட்டும் வரை உள்ளே வரவில்லை.

அக்டோபர் 21

வாடைக் காற்று ஆரம்பித்துவிட்டது. துணி காயும் முன்பே உப்புப் பிசுபிசுக்கிறது.

இன்று காலை அச்சுகள் இரண்டாவது வரிசையைத் தாண்டியிருந்தன. முதலில் பார்த்தது போல அங்கொன்று இங்கொன்று இல்லை. சுவர் விழுந்த இடத்தில் தொடங்கி, கல்லறைகளுக்கு நடுவே வளைந்து, மூன்றாவது வரிசை வரை, ஒன்றின் பின் ஒன்றாக. ஊர்ந்து வந்த தடம் இல்லை. நட்சத்திர மீன் நகர்ந்தால் மணலில் கோடு விழும். இங்கே அச்சு, பிறகு வெறும் மணல், பிறகு அச்சு. தவழும் குழந்தை கையை ஊன்றி ஊன்றி வந்தால் அப்படி இருக்கும்.

பெருக்கு நேரத்தில் அலை தூக்கி எறிந்திருக்கிறது என்பதுதான் சரியான விளக்கம். எறிந்தது புதைந்து செத்திருக்கும்.

தோண்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். பள்ளிக்கு நேரமாகிவிட்டது, தோண்டவில்லை.

அக்டோபர் 22

நேரம் இருந்தது. தோண்டவில்லை.

அக்டோபர் 23

வகுப்பில் என் அட்டையின் மாதிரியைக் காட்டினேன். படம், உடல் பகுதிகள், வாழிடம். ஜெனிஷா வாழிடத்தில் விரலை வைத்தாள். “டீச்சர், கல்லறைத் தோட்டத்துக்குள்ளயும் இருக்குன்னு எங்கப்பா சொன்னாங்க. அச்சு பாத்தாங்களாம். அப்ப அங்கயும் கடலா?”

அச்சை மட்டும் பார்த்து முடிவு பண்ணக் கூடாது என்றேன்.

“நீங்க தோண்டிப் பாத்தீங்களா டீச்சர்?”

உட்காரு என்று சொன்னேன். சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டும், முன் பெஞ்சு முழுவதும் தலையைக் குனிந்துகொண்டது. பிறகு அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுப் பேசலாம் என்று பார்த்தேன், மணி அடித்துவிட்டது.

அக்டோபர் 24

சாமியே வீட்டுக்கு வந்துவிட்டார். காபி போட்டுக் கொடுத்தேன். வங்கக் கடலில் காற்றழுத்தம் என்கிறார்கள், மாதக் கடைசியில் கடல் ஏறும், மற்ற பிள்ளைகளை எல்லாம் மாற்றியாகிவிட்டது, உங்களுடையது ஒன்றுதான் அங்கே இருக்கிறது என்றார். “டீச்சர், நீங்க வேண்டாம்னா நான் கட்டாயப்படுத்த மாட்டேன். ஆனா கடல் உங்ககிட்டக் கேக்காது.”

யோசிக்கிறேன் சாமி என்றேன். அவர் காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். சீனி போட மறந்திருக்கிறேன்.

அக்டோபர் 25

அவள் பெயரை இந்த நோட்டில் எழுதுவதில்லை என்று வைத்திருந்தேன். இன்று எழுதிவிடுகிறேன். ஆக்ஸிலியா. வீட்டில் ஆக்ஸி. ஆறு வயது. மூன்று வருடத்துக்கு முன் வந்த காய்ச்சல் ஒரே வாரத்தில் கொண்டுபோய்விட்டது. குழந்தைகளுக்கான மூன்றாவது வரிசையில், வேப்பங்கன்றுக்குப் பக்கத்தில் இருக்கிறாள். வேப்பங்கன்று உப்பேறிப் பட்டுப்போய்விட்டது.

இன்று சாயங்காலம் அவள்மேலேயே அச்சு இருந்தது. தலைமாட்டுச் சிலுவைக்குக் கீழே, சிமென்ட் கட்டுக்கு நடுவில் விட்டிருக்கும் மணலில். ஒரே ஒரு அச்சு. சின்னது.

இனி மறைக்க என்ன இருக்கிறது? நான் எதற்காகத் தோண்டாமல் இருக்கிறேன் என்று எனக்கே தெரியும். அது சீப்பு நட்சத்திரம் என்றால் கடல் அவளிடம் வந்துவிட்டது, அவளைப் பெயர்த்து எடுத்தாக வேண்டும். அது கை என்றால் அவள் அங்கே இருக்கிறாள். விளையாடிக்கொண்டிருக்கிறாள். அவளை யாரும் தொடக் கூடாது.

முதுகலைப் பட்டம் பெற்ற ஒருத்தி இதை எழுதுகிறாள். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

கைக்கும் நட்சத்திர மீனுக்கும் வித்தியாசம் சொல்வது ஒன்றும் கஷ்டமில்லை. மீனின் ஐந்து கைகளும் சம இடைவெளியில் இருக்கும். கையில் நான்கு விரல் சேர்ந்திருக்கும், கட்டை விரல் தள்ளி நிற்கும். குனிந்து பார்த்தேன். கண்ணில் நீர் நிறைந்து ஒன்றும் தெரியவில்லை. துடைத்துவிட்டுப் பார்ப்பதற்குள் அச்சுக்குள் அடியிலிருந்து தண்ணீர் ஊறி விளிம்பு கரைந்துவிட்டது. விரலை நனைத்து நாக்கில் வைத்தேன். உப்பு.

அக்டோபர் 26, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. தலைவலி என்று சொன்னேன்.

அக்டோபர் 27

இன்று தோண்டினேன்.

விடிந்ததும் போய்விட்டேன். வற்றம்தான், ஆனாலும் அவளைச் சுற்றிக் கால் புதைகிற அளவு சொதசொதப்பு. அதே இடத்தில் புதிய அச்சு. இந்தத் தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டே குனிந்தேன். ஐந்தும் சம இடைவெளி. நுனி கூர். ஓரத்தில் சீப்புப் பல் பட்ட நுணுக்கமான கோடுகள். அதற்குப் பிறகும் எனக்கு நம்பிக்கை போகவில்லை, விரலை விட்டேன்.

இருந்தது. உயிரோடு. உள்ளங்கையில் வைத்ததும் குழாய்க் கால்கள் அசைந்து என் கைரேகைக்குள் புதைய இடம் தேடின. அதைப் பிடித்துக்கொண்டு அந்த ஈரத்திலேயே உட்கார்ந்து அழுதேன். மூன்று வருடமாக இப்படி அழவில்லை.

அவர் எப்போது வந்தார் என்று தெரியவில்லை. பின்னால் நின்றுகொண்டிருந்தார். “என்ன அது?”

“அஸ்ட்ரோபெக்டன்.”

அவர் பக்கத்தில் குந்தி, என் கையைப் பார்த்தார். “கைமீனு,” என்றார். அவள் போனதிலிருந்து அந்தச் சொல்லை அவர் வாயில் நான் கேட்டதில்லை.

“சாமிகிட்டச் சொல்லிருங்க,” என்றேன்.

அக்டோபர் 29

அவளை மாற்றிவிட்டோம்.

காலையில் மிராண்டா அண்ணனும் இன்னும் இரண்டு பேரும் வந்தார்கள். என்னைக் கிட்டே விடவில்லை. “டீச்சர், நீங்க சாமி பக்கத்துல நில்லுங்க. இது நீங்க பாக்குத காரியம் இல்ல.” அவர் மட்டும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கினார். வெட்ட வெட்டத் தண்ணீர் ஊறியது, இரண்டு பேர் வாளியால் இறைத்துக்கொண்டே இருந்தார்கள். அள்ளிப் போட்ட மணலில் சீப்பு நட்சத்திரங்கள் கிடந்து நெளிந்தன. ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கடல் பக்கம் எறிந்தேன். ஏதாவது ஒரு வேலை வேண்டியிருந்தது.

அவர் சல்லடையில் மணலைச் சலித்துக்கொண்டிருந்தார். எஞ்சினில் விழுந்த திருகாணியைத் தேடுகிற அதே முகம். சாமி செபத்தை முடித்துவிட்டார். இவர் மேலே ஏறவில்லை. மிராண்டா அண்ணன் தோளைத் தொட்டுக் கூப்பிட்ட பிறகுதான் ஏறினார்.

“எல்லாம் எடுத்தாச்சா?” என்று கேட்டேன்.

“எடுத்தாச்சு.”

வெள்ளைத் துணியில் சுற்றிச் சின்னப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். கனமே இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது புத்தகப் பையோடு மடியில் ஏறி உட்கார்ந்தால் கால் மரத்துப்போகும் எனக்கு.

தேரிக்காடு முழுக்கச் செம்மண், பனைமரம், காற்று. கடல் இங்கிருந்து கண்ணுக்குத் தெரியாது, சத்தமும் கேட்காது. மண்ணை அள்ளினால் கையில் ஒட்டாமல் உதிர்கிறது. இந்த இடத்துக்கு எந்த நட்சத்திர மீனும் வராது. அதை எழுத்தில் கொடுக்கிறேன்.

அக்டோபர் 30

காற்று பலத்துவிட்டது. பள்ளிக்கு விடுமுறை.

மின்சாரம் இல்லை. அவர் அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

“ஒண்ணு சொல்லணும். மனசு கேக்கல.”

அரிசி களைந்துகொண்டிருந்தேன். சொல்லுங்கள் என்றேன்.

“எடது கை. மணிக்கட்டு வரைக்கும் இருந்துது. அதுக்குக் கீழ ஒண்ணும் கெடைக்கல. தண்ணி ஊறி ஊறி வருது, நானும் திரும்பத் திரும்பச் சலிக்கேன். சின்னச் சின்ன எலும்பு, டெல்பின். சிப்பி மாதிரி இருக்கும்லா. மணலோட போயிருக்கும்.”

களைந்த அரிசியை மறுபடி களைந்தேன். சின்னச் சிப்பி மணலுக்குள் கிடந்தால் அதற்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அட்டையில் என் கையாலேயே எழுதி வைத்திருக்கிறேன். அவரிடம் சொல்லவில்லை.

நவம்பர் 1

புயல் நேற்று கரை கடந்தது. கூரை ஓடு ஏழெட்டு போயிற்று. பின்வாசல் எஞ்சின்களுக்குள் தண்ணீர்.

கல்லறைத் தோட்டம் இருந்த இடத்தில் மேற்குச் சுவரும் வாசல் வளைவும் மட்டும் நிற்கின்றன. மூன்றாவது வரிசை கடல்.

நவம்பர் 2, ஞாயிறு, கல்லறைத் திருநாள்

தேரிக்காட்டில் பூசை. செம்மண்ணில் வரிசையாகப் புதுச் சிலுவைகள், சாமந்திப் பூ, மெழுகுவர்த்தி. காற்றில் யாருடையதும் நிற்கவில்லை, எல்லோரும் திரும்பத் திரும்பப் பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள். நேரத்தோடு கொண்டுவந்தீங்களே டீச்சர், பிள்ளை தப்பிச்சுது என்று நாத்தனார் கையைப் பிடித்துக்கொண்டார்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. வலது கையை மட்டும் கொண்டுவந்திருக்கிறேன். அவள் எதற்கும் நீட்டுகிற கையைக் கடலில் விட்டுவிட்டேன்.

நவம்பர் 6

கண்காட்சி. மாவட்டக் கல்வி அலுவலர் என் அட்டைக்கு முன் நின்று, சாதாரணமான உயிரினத்தை இவ்வளவு தெளிவாக விளக்கியிருக்கிறீர்கள் என்றார். ஜெனிஷாவின் நண்டுக்கு முதல் பரிசு. கூப்பிட்டுத் தட்டிக்கொடுத்தேன். அன்றைக்குக் கத்தியதற்கு மன்னிப்பும் கேட்டுவிட்டேன், அவள்தான் நெளிந்தாள்.

நவம்பர் 8

புயலுக்குப் பின் வலைகளில் சீப்பு நட்சத்திரம் ஏராளமாக ஏறுகிறது. கரையில் உதறிப் போட்டதை ஒரு வாளி எடுத்து வந்தேன். கண்காட்சிக்காக இரைப்பைப் பொருட்களைப் பார்க்க வேண்டும்.

சின்னச் சிப்பி, நத்தை, மணல்.

நவம்பர் 9

இன்னொரு வாளி. சிப்பி, நத்தை, மணல்.

நவம்பர் 11

சிப்பி, நத்தை. வெள்ளையாக, எலும்பு மாதிரி ஒன்று கிடைத்தது, உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தால் பவளத் துண்டு. பின்வாசலில் நாற்றம். பூனைகள் கூடிவிட்டன.

அவர் வேலையிலிருந்து வந்து தட்டையும் கத்தரியையும் பார்த்தார். வாளியில் எட்டிப் பார்த்தார்.

“கண்காட்சி முடிஞ்சு போச்சுல்லா?”

ஆமாம் என்றேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. நான் ஏசுவார் என்று நினைத்தேன். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எனக்கு எதிரே உட்கார்ந்து, அடுத்த நட்சத்திரத்தை எடுத்து, “இத எப்படி அறுக்கணும்?” என்றார். காட்டிக் கொடுத்தேன். வாளி தீரும் வரை இரண்டு பேரும் அறுத்தோம். ஒன்றும் கிடைக்கவில்லை.

நவம்பர் 12

கத்தரியைக் கழுவி பள்ளி ஆய்வகத்திலேயே வைத்துவிட்டேன்.

நவம்பர் 15

இரவெல்லாம் தூறல். எட்டு மணி வரை வெளிச்சமே இல்லை.

நவம்பர் 16, ஞாயிறு

பூசை முடிந்து நான் மட்டும் தேரிக்காட்டுக்குப் போனேன். அவர் ஓடு மாற்ற ஆள் பார்க்கப் போயிருந்தார். மழையில் செம்மண் படிந்து இறுகியிருந்தது. வாசலிலிருந்து அவள் வரை என் செருப்புத் தடம் மட்டும்தான். எனக்கு முன்னால் யாரும் வரவில்லை, கோழிகூட வரவில்லை.

சிலுவைக்குக் கீழே அச்சு இருந்தது.

முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. இந்த மண்ணுக்கு நீ எப்படி வந்தாய் என்று சிரித்தேன். பிறகு குந்தி உட்கார்ந்து, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற வரிசையிலேயே பார்த்தேன். ஐந்து. நுனி கூர் இல்லை, உருண்டை. ஓரத்தில் சீப்புப் பல் இல்லை. இடைவெளி சமம் இல்லை. நான்கு சேர்ந்திருந்தன, ஒன்று தள்ளி நின்றது. தள்ளி நின்றது வலப்பக்கம். மண்ணில் கவிழ்த்துப் பதித்த கையில் கட்டை விரல் வலப்பக்கம் இருந்தால் அது எந்தக் கை என்று சொல்ல யாரும் விலங்கியல் படிக்க வேண்டியதில்லை.

நட்சத்திர மீனுக்குப் பீச்சாங்கை கிடையாது.

சுற்றிலும் மண் சிவப்பு. அந்த அச்சுக்குள் மட்டும் மணல் வெளுப்பாக, பொடியாக, நனைந்து இருந்தது. ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

தோண்டிப் பார்த்தீங்களா டீச்சர் என்று ஜெனிஷா கேட்பாள். தோண்டவில்லை. இந்தத் தடவை பயத்தால் இல்லை.

பயமே இல்லை என்று எழுதினால் பொய். வீட்டுக்கு வரும் வரை திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் கிழக்கே மறுபடி கறுத்துக்கொண்டு வந்தது. ஒரு மழை அடித்தால் கலைந்துவிடும். பின்வாசலில் கோழி கவிழ்க்கிற பஞ்சாரத்தை எடுத்தேன், மேலே போடப் பழைய தார்ப்பாயை எடுத்தேன்.

அவர் வந்துவிட்டிருந்தார். “கோழிக்கா?”

“இல்ல.”

என் முகத்தைப் பார்த்தார். பஞ்சாரத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே வந்தார்.

அவராகவே சிலுவைக்குக் கீழே குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். தன் இடது கையை அந்த அச்சுக்குப் பக்கத்தில் மண்ணில் வைத்து அழுத்தினார். கிரீஸ் படிந்த பெரிய கை. அதை எடுத்த பிறகு இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

“டெல்பின்,” என்றார். “இப்ப எல்லாம் வந்தாச்சு.”

முதல் துளி விழுந்தது. இரண்டு கையும் உள்ளே இருக்கும்படி பஞ்சாரத்தைக் கவிழ்த்து, தார்ப்பாயைப் போர்த்தி, காற்றுக்குப் பறக்காமல் நான்கு பக்கமும் கல் வைத்துவிட்டு வந்தோம்.